காலி டேங்க்

பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மோப்பக்காரர். எந்த வண்டி உள்ளே வந்தாலும் கையை நீட்டுவதற்கு முன் மூக்கைத்தான் நீட்டுவார். பின்னால் டேங்க் ஓரமாகக் குனிந்து ஒரு மூச்சு, அடியில் பைப் ஓடும் இடத்தில் ஒரு மூச்சு, பானெட்டைத் திறந்து கார்புரேட்டர் அருகே ஒரு மூச்சு. ஐம்பது அறுபது வருடத்துப் பழைய கார்களில் பெட்ரோல் ஓடும் பாதையைச் சுத்தம் செய்து சரிபார்ப்பதுதான் அவர் பிழைப்பு. அந்தப் பெட்ரோல் என்றாலே அவருக்கு உயிர்ப் பயம்.

பயம் சும்மா வரவில்லை. இருபத்து நாலு வயதில், வேறொரு பட்டறையில், கார்புரேட்டரிலிருந்து வழிந்த பெட்ரோல் சூடான புகைக்குழாயில் சொட்டிப் பற்றிக்கொண்டது. அப்போது பானெட்டுக்குள் குனிந்திருந்தவர் அவர்தான். இடது காதின் மேல்பாதி அன்றோடு போயிற்று. வேறு வேலை தெரியாததால் காயம் ஆறியதும் அதே வேலைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு பாட்டரி வயரைக் கழற்றாமல் எதையும் தொட்டதில்லை. நைலான் சட்டை போட்டதில்லை. வீட்டில் மனைவி அடுப்பை அணைத்த பிறகும் இவர் போய் ஒருமுறை குமிழைத் திருகிப் பார்ப்பார்.

"திருகித் திருகியே அதைக் கழட்டிடப் போறீங்க" என்பாள் அவள்.

ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். கொஞ்ச தூரம் ஓடும், இருமும், நின்றுவிடும். மோப்பக்காரர் கார்புரேட்டரைப் பிரித்தார். அதில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் காப்பிப்பொடி போலத் துரு படிந்திருந்தது. பம்ப்புக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் அழுத்தினார். கறுப்பு மாவாக உதிர்ந்தது. இப்போதைய பெட்ரோலில் கலக்கிற ஆல்கஹால் அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும். டேங்கின் அடி மடிப்பிலும் ஈரம் கசிந்திருந்தது.

"டாக்டர், இத ஓட்டிக்கிட்டா வந்தீங்க?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"என் நாற்காலியில வந்து உக்காருறவங்களை நான்கூட இப்படிப் பயமுறுத்த மாட்டேங்க" என்று டாக்டர் சிரித்தார்.

டேங்கைக் கழற்றி, வடித்து, திறந்த வெளியில் வைத்தார். மூன்று நாள் ஆயிற்று. பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் செய்யும் மச்சான், அவர் மனைவியின் அண்ணன், வந்து டேங்கைத் தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. கொண்டா, ரெண்டு நிமிஷத்துல ஒட்டித் தரேன்."

"வேண்டாம் மச்சான். நெறஞ்ச டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் எமன். மடிப்புக்குள்ள ஒரு மூடி பெட்ரோல் ஒளிஞ்சிருந்தாப் போதும், ஆவியா நிக்கும், நெருப்பு பட்டா வெடிச்சிரும். சோப்புத் தண்ணில கழுவி, தண்ணி ரொப்பி, அப்புறம் நெருப்பே கிட்ட வராம, சூட்டுக்கோலால ஈயம் வச்சுக்கலாம்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் மச்சான். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை புது ரப்பர் குழாய் வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது டேங்க் வைத்திருந்த இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்துக் கொட்டகையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மச்சான் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் நீலச் சுவாலையோடு, மேசைமேல் கிடந்த டேங்கின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

கத்த நினைத்தார், முடியவில்லை. ஓட நினைத்தார், கால் வாசற்படியிலேயே ஊன்றிக்கொண்டது. மேல்பாதி இல்லாத அந்தக் காது சுட்டது. உள்ளே இருப்பது மனைவியின் கூடப்பிறந்தவர் என்று தெரிந்தும் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. பின்பக்கமாகத்தான் நகர்ந்தார். நகர்ந்தவரின் முதுகு, வெளிச்சுவரை ஒட்டி நின்று அந்தச் சுவாலைக்கு வாயு கொடுக்கும் சிலிண்டரில் இடித்தது. திருகுச் சாவி அதன் தலையிலேயே செருகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகி மூடினார். சுவாலை உடனே அணையவில்லை. குழாயில் மிச்சமிருந்தது எரிந்து, சுருங்கி, சிணுங்கி, ஒரு சின்ன 'டப்'போடு ஓய்ந்தது. அதற்குள் ஒரு யுகம் போனதுபோல் இருந்தது அவருக்கு.

மச்சான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எவன்டா அது? நீயா? பத்துப் பேர் பார்க்க என் வேலையில கை வைப்பியா?"

மோப்பக்காரர் உள்ளே போய் டேங்கை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூடியைத் திறந்து மோந்தார். உள்ளே வாசனை இருந்தது, லேசாக. அது வெடித்திருக்குமா, இல்லையா? யாருக்குத் தெரியும்?

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உங்கண்ணன் உள்ள இருந்தாரு. நான் வெளியவே நின்னுட்டேன். எனக்குக் கால் வரல" என்றார்.

மனைவி தட்டை அவர் பக்கம் திரும்பத் தள்ளினாள். "இப்பதான் எங்கண்ணன் போன் பண்ணி உங்கள ஒரு மூச்சு திட்டித் தீர்த்தான். திட்டுறதுக்கு அவன் இருக்கான்ல, அது போதும். சாப்பிடுங்க" என்றாள்.

டேங்கை நான்கு முறை கழுவினார். ஒவ்வொரு முறையும் துரு குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் ரொப்பிச் சாய்த்து வைத்து, அடி மடிப்பை மட்டும் தண்ணீருக்கு மேலே விட்டு, சூட்டுக்கோலால் ஈயம் வைத்தார். புதுக் குழாய், புது வடிகட்டி எல்லாம் மாட்டிக் காரை ஓட்டிப் பார்த்தார். இருமல் நின்றிருந்தது. டாக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

மச்சான் ஒன்றரை மாதம் பேசவில்லை. எதிரே வந்தால் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். பிறகு ஒரு காலையில், யாருடைய ஜெனரேட்டர் டேங்கையோ தோளில் சுமந்துகொண்டு வந்தார். தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"கழுவி, கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேன். இப்ப ஒட்டலாமா மாப்ள?"

"ஒட்டலாம் மச்சான்."

"வந்து நில்லேன்."

"உள்ள வர மாட்டேன்."

"உள்ள யாரு கூப்பிட்டா? வெளிய, சிலிண்டர் பக்கத்துல நில்லு."

மோப்பக்காரர் போய் நின்றார். வேலை முடியும்வரை சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.