திரையில் வைத்த ஸ்கேல்

எங்கள் கழக்கூட்டம் ஆபீஸில் வரைபடச் செயலி செய்கிறோம். இன்று புதிதாகச் சேர்ந்த அனு, கணினித் திரையில் தெரிந்த வரைபடத்தின்மேல் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துத் தூரம் அளந்தாள். “ஸூம் பண்ணினா உன் ஸ்கேலும் கூடவே நீளுமோ, மோளே?” என்றார் டீம் லீடர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொன்முடி மலைத் தேயிலையின் பச்சை வாசம் மூக்கில் ஏறியது.

அப்போது ஏழாம் வகுப்பு. திருநெல்வேலியிலிருந்து வந்த அத்தையோடு பொன்முடி போனோம். பஸ் எஸ்டேட் வாசலோடு சரி. அங்கிருந்து உச்சிவரை மிச்சத் தூரத்தை நான் வீட்டிலேயே அளந்திருந்தேன். அப்பாவின் போனில் ஒரு வரைபடத்தின் போட்டோ. ஓரத்தில் ‘ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர்’ என்று இருந்தது. போனில் ஸ்கேலை வைத்து, “ரெண்டே கிலோமீட்டர்!” என்றேன். அந்தக் கணக்கு பெரிய காகிதத்துக்கு உரியது. போன் அதை உள்ளங்கைக்குள் சுருக்கியிருந்தது எனக்கு உறைக்கவில்லை.

“ஜீப்பு வேண்டாம்க்கா, எம் மவ அளந்துட்டா, கேட்டியளா!” என்று அப்பா பெருமையாக முன்னால் நடந்தார்.

வளைவுகள் முடியவே இல்லை. முட்டிவலி தாங்காமல் அத்தை சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “ஏட்டி, உன் ரெண்டு கிலோமீட்டர் எங்க போச்சு?”

அப்பா அவள் பையை வாங்கிக்கொண்டார். “பிள்ளைய ஏசாதீங்கக்கா. படத்தைக் கொடுத்தது நாந்தான். தப்பு என்னுது.”

அத்தை கேட்டதைவிட அதில்தான் நான் கூசிப்போனேன்.

அனு ஸ்கேலைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். ‘நானும் இப்படி அளந்திருக்கேன்’ என்பது என் வாய்வரை வந்து நின்றுவிட்டது. சிரிப்பு ஓயும்வரை என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.