அம்மாவும் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள்

மழைக்காலத்தில் பள்ளிக்கூட மதிலின் ஓரமெல்லாம், தண்டு முழுக்கத் தண்ணீரோடு ஒரு சின்னச் செடி முளைத்துக் கிடக்கும். திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் நாங்கள் அதை "மஷித்தண்டு" என்போம். ஒடித்து சிலேட்டில் தேய்த்தால் எழுதியது அத்தனையும் அழிந்து, ஒரு பச்சை வாடை விரலில் ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் சோறு பிசைந்து வாயில் வைக்கும்போதும் அது போகாது. இன்றைக்கும் அந்த வாடை எங்கேயாவது மூக்கில் பட்டால் முதலில் எனக்குக் காது சுடும், அதற்குப் பிறகுதான் ஒன்றாம் வகுப்பு ஞாபகத்துக்கு வரும். மற்றவர்களுக்கு ஒன்றாம் வகுப்பு என்றால் இனிப்பாக என்னென்னவோ தோன்றுகிறதாம். எனக்குத் தோன்றுவது வெட்கம்தான்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஒரு ஹோட்டலில் பலகார மாஸ்டராக இருந்தார். அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. ஆனால் படித்தது ஏழாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில். ஆகவே அவளுக்கு வாய் தமிழ், கண் மலையாளம். எங்கள் சந்தில் எல்லோரும் பிள்ளைகளை மலையாளம் டிவிஷனில் சேர்த்தபோது அப்பா மட்டும், "நான் வாசிக்கிறத எம்மவளும் வாசிக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்று, அரசுப் பள்ளிக்கூடத்தில் கடைசி அறையில் இருந்த தமிழ் டிவிஷனில் என்னைக் கொண்டுபோய் விட்டார்.

விட்டாரே தவிர, சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் ஏது? மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு எண்ணெய் வாடையோடு கொஞ்ச நேரம் வீட்டுக்கு வருவார். அந்த நேரத்தில் என் பாடப்புத்தகத்தை வாங்கி அன்றைய பாடத்தை ஒருதரம் உரக்க வாசிப்பார். அம்மா பக்கத்தில் குனிந்துகொண்டு, அவர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு தமிழ் வரிக்கும் மேலே அதே வரியைப் பென்சிலால் மலையாள எழுத்தில் எழுதிக்கொள்வாள். சாயங்காலம் விளக்கேற்றியதும் என்னை மடியோடு சேர்த்து உட்கார வைத்து, விரலைத் தமிழ் வரியில் ஓட்டிக்கொண்டே மேலே இருக்கும் மலையாளத்தைப் பார்த்துத் தமிழ் சொல்லித் தருவாள். என்ன ஒரு ஏற்பாடு! நான் அவள் விரலைப் பார்த்தால்தானே? அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓணத்துக்குள் புத்தகம் முழுக்க எனக்குத் தலைகீழ்ப் பாடம். வகுப்பில் என்னைப்போல் கடகடவென்று "வாசிக்கிற" பிள்ளை வேறு கிடையாது; அந்தப் பெருமையில் நான் தரையில் நடந்ததே இல்லை.

எங்கள் எஸ்தர் டீச்சர் நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். பாடம் சொல்லும்போது எல்லோரும் சொல்லுக்குச் சொல் கீழே விரல் வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது என் பின்னால் வந்து நின்றவர், என் வாய் அடுத்த வரிக்குப் போன பிறகும் விரல் பழைய வரியிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டார். என் சிலேட்டை எடுத்து ஒரே ஒரு சொல்லை எழுதி நீட்டினார்.

"இது என்ன மக்கா?"

நான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். படம் இல்லை, முன்னாலும் பின்னாலும் வரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்: "புத்தகத்துல எந்தப் பக்கம் டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த செல்வி பெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டி, வரிக்கு வரி குந்தியிருந்த மலையாள எழுத்துகளைப் பார்த்து, "அம்மாவை நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

அம்மா கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளைக்குக் காது பழகியிருக்கு, கண்ணு பழகல. கிறிஸ்மஸ் லீவுக்கு முன்ன எழுத்துக் கூட்டி வாசிக்கலன்னா மலையாளம் டிவிஷன்லதான் போடணும். அங்கன்னா நீங்களாவது சொல்லிக் குடுப்பீங்க."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "அய்யோ டீச்சரே, அவ அப்பாவுக்கு அது தாங்காது. எனக்கு மலையாளம் மாத்திரந்தான் வாசிக்க அறியும். நான் என்ன செய்யட்டு?"

"அப்பம் நீங்களும் வந்து இருங்க" என்றார் டீச்சர்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலை அம்மா அடுக்களை வேலையை முடித்துவிட்டு, கையில் ஒரு புது சிலேட்டோடு வகுப்பு வாசலில் நின்றாள்.

அந்த நாட்களைப் பற்றி எப்படிச் சொல்வது! ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான தாழ்ந்த பெஞ்சு. அதில் என் அம்மா, முழங்கால் இரண்டும் நெஞ்சு வரை வந்துவிட, சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "ஒங்கம்மா ஒண்ணுல தோத்துப் போயிட்டாங்களா?" என்று செல்வி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் என் பையை வைத்துக்கொண்டேன். டீச்சர் எழுத்து அட்டைகளைச் சீட்டுக்கட்டுப் போல் கலைத்து, யாருக்கு எது வருமென்று தெரியாமல் நீட்டுவார், அம்மாவுக்கும் நீட்டுவார். அவள் தப்பாகச் சொன்னால், எங்களுக்குச் சொல்வது போலவே, "இன்னொருக்கப் பாரு மக்கா" என்பார். என் அம்மாவைப் போய் "மக்கா" என்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசும். அம்மாவோ கொஞ்சமும் கூசாமல் மஷித்தண்டை எடுத்துத் தேய்த்துவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு மறுபடி எழுதுவாள்.

லீவு விடுவதற்கு முந்தின நாள் டீச்சர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அதில் எங்கேயும் இல்லாத வரிகளைப் பலகையில் எழுதினார். "மழை வந்தது. கடைக்காரர் குடையை விரித்தார். பூனையும் குடைக்குள் வந்தது." என்னை எழுப்பினார். என் வாய்க்குச் சொல்ல எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் கண்தான் வேலை செய்தது. திக்கித் திக்கி, எழுத்தெழுத்தாகப் பூனை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். "தமிழ் டிவிஷன்லயே இருந்துக்கோ" என்றார் டீச்சர். எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போனது, ஏனென்றால் அடுத்து அம்மாவைப் பார்த்து, "நீங்களும் வாசிங்க மக்கா" என்றார்.

அம்மா எழுந்ததில் பெஞ்சு ஆடியது. அவள் என்னைவிட மெதுவாகத்தான் வாசித்தாள். "விரித்தார்" என்கிற இடத்தில் நின்றுபோனாள். பிள்ளைகள் எல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ, பிறகு அந்தச் சொல்லை உடைத்து வெளியே எடுத்துவிட்டாள். செல்விதான் முதலில் கைதட்டினாள். வகுப்பு முழுக்கத் தட்டியது.

அன்று மத்தியானம் அப்பா வந்தபோது, அம்மா என் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரிகளுக்கு மேல் தான் எழுதியிருந்த மலையாளத்தையெல்லாம் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். சில இடங்களில் தாள் கிழிந்தே போயிற்று. "இருந்துட்டுப் போட்டுமே, ஏன் இப்படிப் போட்டுத் தேய்க்கே?" என்றார் அப்பா.

"இது கெடந்தா கண்ணு எளுப்பமுள்ள எடத்துக்குத்தான் போவும், கேட்டேளா" என்றாள். எளுப்பம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் சுலபம்.

அந்தத் தமிழ் டிவிஷன் இப்போது இல்லை. சேர ஆளில்லாமல் மூடிவிட்டார்கள். மதில் ஓரத்தில் சிமென்ட் போட்டுவிட்டதால் மஷித்தண்டும் முளைப்பதில்லை. நான் ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை செய்து, பதினோராம் மாடியில் குடியிருக்கிறேன். என் மகன் கார்த்தி ஒன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் வாசிப்பான், மலையாளம் வாசிப்பான். "ரெண்டு வரி தமிழ் வாசிச்சுக் கேட்டுட்டாப் போதும்" என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து புத்தகம் வாங்கிவந்து வைத்திருந்தேன். ஆபீஸ் முடிந்து வந்தால் யாருக்கு முடிகிறது? போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள் என்றதும் நான் செய்தது இதுதான்: பென்சிலை எடுத்து, ஒரு பாடம் முழுக்க, தமிழ் வரிகளுக்கு மேலே மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கார்த்தி தண்ணீர் ஓடுவது போல் வாசித்தான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா" என்று அம்மாவின் தோளைத் தட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே புத்தகத்தைக் கையை நீட்டி வாங்கினாள். பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மோனே, ரப்பர் உண்டா?"

அவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரிக்கு மேல் இருந்ததை மெதுவாக, தாள் கிழியாமல் அழித்தாள். தூளை ஊதிவிட்டு, விரலைத் தமிழ் வரிக்குக் கீழே வைத்தாள். "இப்பம் வாசி, பாப்போம்."

நான் சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வரி அப்படியேதான் இருந்தது. கறுப்பாக, பெரிய பெரிய எழுத்தில், நான் நின்ற இடத்திலிருந்தே வாசிக்கலாம். கார்த்தி தாளை உற்றுப் பார்த்தான். பிறகு என் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆச்சி, இப்போ இதில ஒண்ணும் இல்லல்லோ" என்றான்.