காற்றுப் பாடத்தைச் செய்தது கருப்பையா அண்ணன்

கருப்பையா அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மத்தியானம் கடையில் இருக்கும்போதே நெஞ்சுவலி... மணமேல்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கட்டுமாவடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். வயது நாற்பத்தாறு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

நான் அறிவியல் ஆசிரியர். எங்கள் பள்ளியில் 'சார் தயாரித்த வீடியோ பாடங்கள்' என்று பெயர் வாங்கிய பன்னிரண்டும் அவர் செய்தவை. நேற்று வரை ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை.

அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் வேலையில் சேர்ந்தபோது பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருந்தது. துணி போர்த்தி, அறையைப் பூட்டி... ரிப்பேர் ஆனால் யார் பொறுப்பு என்ற பயம். சாவியை வாங்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

சாவி கிடைத்தது, போட்டுக் காட்டத்தான் ஒன்றும் இல்லை. நெட்டில் எடுத்த கார்ட்டூனில் மஞ்சள் முடிப் பையன் ஒருவன் பனியில் நின்று காற்றைப் பற்றிப் பேசினான். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில் அண்ணனிடம் புலம்பினேன்.

"நாமளே செஞ்சா என்ன சார்? கல்யாண வீடியோவுக்கெல்லாம் படம் ஓட விட்டிருக்கேன். இங்கிட்டு வந்து ஒக்காருங்க."

இலவச அனிமேஷன் வெப்சைட் ஒன்று. ஆளையும் படகையும் இழுத்து வைத்தால் அசையும், குரல் சேர்க்கலாம், நடுவில் கேள்வி வைக்கலாம். பிள்ளை தப்பான விடையைத் தொட்டால் திரும்பப் பாடத்துக்கே கொண்டு போய்விடும்.

அத்தனையும் ஒரே வாரத்தில் அவருக்குப் பிடிபட்டது. பி.எட்.டில் இதற்கென்றே ஒரு பேப்பர் எழுதிப் பாஸானவன் நான்... எழுதியதோடு சரி.

வெப்சைட்டில் இருந்த படகில் ஒரு வெள்ளைக்காரன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் அவனைத் தூக்கிவிட்டு, கரைக்குப் போய் நம்ம ஊர்ப் படகுகளைப் போனில் எடுத்து வந்து ஒட்டினார்.

அவருக்கு ஒரு வழக்கம். பாடம் தயாரானதும், கடையில் ஆதார் வேலைக்காகக் காத்திருக்கும் யாரையாவது உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார். அவர்களுக்குப் புரியாவிட்டால் திரும்பச் செய்வார்.

கடல்காற்று, நிலக்காற்று பாடத்தை மீன் விற்கும் ஒரு ஆத்தாவுக்குக் காட்டினார்.

"ஏய்யா, யாரு போட்டது இந்த அம்பெல்லாம்?"

"காத்து போற அம்பு மட்டும் சாரு போட்டது ஆத்தா."

"ராத்திரில கரையிலேருந்துல்ல கடலுக்குக் காத்து போகும்? ரெண்டு நேரமும் கடல்லேருந்தே வர விட்டிருக்கீங்க! எங்க வீட்டுக்காரரு பாய் கட்டிப் போன காலத்துல ஒங்ககிட்ட படிச்சிருந்தா கரையிலேயேதான் கெடந்திருப்பாரு."

பகல் படத்தைக் காப்பி எடுத்து, சூரியனை எடுத்துவிட்டு நிலாவை வைத்திருந்தேன். அம்பைத் திருப்ப மறந்துவிட்டேன்.

அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்லவேளை சார், ஆத்தா வந்துச்சு. இல்லேன்னா எட்டாங்கிளாஸ் மொத்தமும் தரை தட்டியிருக்கும்."

அந்தப் பாடத்தின் கடைசியில் 'தயாரிப்பு: கருப்பையா' என்று ஐந்து நொடி வரும். வகுப்பில் போடும் முன் தலைமையாசிரியரிடம் காட்டினேன். ஆசிரியர்களுக்கான போட்டிக்கு அனுப்பலாம் என்றார்.

"ஆனா ஜெராக்ஸ் கடைக்காரர் பேரெல்லாம் வேணாம் சார். அப்புறம் நீங்க எதுக்குச் சம்பளம் வாங்குறீங்கன்னு கேப்பாங்க."

நியாயமான கேள்விதான். அதற்குப் பயந்து வெட்டினேன். அவர் கடையிலேயே, அவர் கம்ப்யூட்டரிலேயே...

"வெட்டுங்க சார், பரிசு வந்தாச் சரி" என்று நாற்காலியை எனக்கு நகர்த்திக் கொடுத்தார்.

பரிசு வந்தது. மேடையில் எனக்குச் சால்வை. வகுப்பில் படகைப் பார்த்ததும் "டேய், எங்க போட்டுடா!" என்று ஒருவன் கத்தினான், கேள்விக்கு விடை தொட போர்டு முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. மீதிப் பதினொரு பாடங்களிலும் என் பெயரே வந்தது.

அண்ணனின் மகள் இப்போது என் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். "இதெல்லாம் எங்க அப்பா செஞ்சது" என்று சொல்லியிருக்கிறாள். "போடி பொய்க்காரி, சாரு பேருதானே போட்டிருக்கு" என்று வகுப்பே அவளைக் கேலி செய்திருக்கிறது.

அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. போன மாதம் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"கிளாஸ்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். புள்ள ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது."

"திங்கக்கெழம சொல்லிர்றேண்ணே" என்றேன். நான்கு திங்கட்கிழமைகள் போய்விட்டன.

இன்று காலை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாப் பாடமும் ஒங்க அப்பா செஞ்சதுதாம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும் சார். அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன். என் மாணவர்களே, அவர்களைப் பெற்றவர்களே, எனக்குச் சால்வை போட்டவர்களே... அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. பொய் சொன்னவன் நான்.

பன்னிரண்டு பாடங்களிலும் முதல் காட்சியிலேயே அவர் பெயரைப் போட்டு ஏற்றிவிட்டேன். லிங்க் கமெண்டில் இருக்கிறது. திங்கட்கிழமை பிரேயரில் மைக்கிலும் சொல்வேன், அவள் என்று பள்ளிக்கு வருகிறாளோ அன்று அவள் வகுப்பில் மறுபடியும் சொல்வேன்.

தலைமையாசிரியர் இரண்டு முறை கூப்பிட்டார். பாடங்களில் அண்ணன் பெயரைப் பார்த்துவிட்டு, அதை எடுக்கச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு. தங்கள் டிஜிட்டல் பாடங்களை அந்தக் கடையில் செய்து வாங்கிப்போன மற்ற ஆசிரியர்களும் வாங்க. யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணே... மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால், பரவாயில்ல சார் என்று சொல்லிவிடுவீர்கள்.

போய் வாங்க.