கண்டல் காட்டு வேலிக்கு ஒரு வாசல்

போன மாதம் ஒரு காலை, கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் தட்டினாள் பிலோமினா. எனக்கு வாடிக்கையாக இறால் கொண்டுவருபவள். முகம் இருண்டிருந்தது.

"கண்டலைச் சுத்தி வேலி போட்டிட்டாங்கள் அக்கா. காபன் புரொஜெக்ட்டாம். இனி நாங்கள் உள்ளுக்கை போகேலாதாம்."

அவள் கணவர் முதுகில் அடிபட்டுக் கடலுக்குப் போவதில்லை. கடல்நீரேரிக் கரையில், கண்டல் மரங்களுக்கிடையே முழங்கால் தண்ணீரில் இவள் கையால் தடவிப் பிடிக்கும் இறாலில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

அதென்ன காபன் புரொஜெக்ட் என்கிறீர்களா? கண்டல் மரங்கள் காற்றிலுள்ள கரியை இழுத்து வைத்துக்கொள்கின்றன. எங்கோ புகை விடும் கம்பனிகள் அதற்குக் காசு கொடுக்கின்றன. நல்ல விஷயம்தானே? காடும் பிழைக்கும், ஊருக்கும் பணம் வரும்.

ஆனால், ஊர் என்றால் யார்? பணம் போவது மீனவர் சங்கத்துக்கு. சங்கத்தில் சேர வள்ளம் வேண்டும். பிலோமினாவிடம் இருப்பது இரண்டு கைகள்.

புரொஜெக்ட்காரர் ஊரில் கூட்டிய மீற்றிங்குக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். மாதா கோயில் மண்டபம். அவளைப்போலக் கையால் இறால் பிடிக்கும் மற்றப் பெண்களும் வந்திருந்தார்கள். புரொஜெக்ட் அலுவலர் பொறுமையான இளைஞர்.

"உங்களுக்கும் வேலை இருக்கு அம்மா. கண்டல் கண்டு நட நாட்கூலி தாறம்."

பிலோமினா எழும்பினாள்.

"நட்டு முடிஞ்சாப்பிறகு, தம்பி?"

அவர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

"வேலியிலை ஒரு வாசல் விடுங்கோ. மரத்திலை கை வைக்கமாட்டம். வாற காசிலை எங்களுக்கும் பங்கு வேணும். அதுவரைக்கும் ஒருத்தரும் நட வரமாட்டம்."

சங்கத் தலைவர் சிரித்தார். "உவையள் ரெண்டு நாளிலை வந்திடுவினம்."

அரிசிப் பானை காலியான வீட்டில் கூலியை வேண்டாமென்பது லேசான காரியமா? ஒருத்தி தாங்கமுடியாமல் நடப் புறப்பட்டாள். பிலோமினா அவளைத் திட்டவில்லை... தன் அரிசியில் பாதியை அவள் வீட்டில் கொட்டினாள். "நாளைக்கும் பொறுப்பம்" என்றாள். அவ்வளவுதான். அவளும் திரும்பிவிட்டாள்.

ஒருவரும் போகவில்லை. கன்றுகள் கரையில் வாடத் தொடங்கின. மாரி மழைக்கு முன்பு நட்டாக வேண்டுமே! கடைசியில் அலுவலரே வீடுவீடாக வந்தார். வேலியில் வாசல் வைக்க ஒப்புக்கொண்டார். கையால் பிடிக்கும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளச் சங்கமும் முனகியபடி சம்மதித்தது. பங்கு எவ்வளவு? அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

காட்டைக் காப்பாற்ற வருகிறவர்கள், அதற்குள் யார் நின்று பிழைக்கிறார்கள் என்று முதலில் பார்க்கவேண்டும். வேலி போட்டபிறகு பார்த்தால் ஏழைகள் எப்போதும் வெளியில்தான் தெரிவார்கள்.

வாசல் திறந்த அன்று நானும் போயிருந்தேன். "வெண்டிட்டாய் பிலோமினா!" என்றேன்.

தண்ணீருக்குள் இறங்கியபடியே சொன்னாள்:

"எங்கை அக்கா வெண்டது? பங்குச் சண்டை இனித்தான்!"