ஃப்ரிட்ஜுக்கு வைத்த பொட்டு

தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் போய்வந்த நான், போன ஆயுத பூஜையன்று குல்ஃபி செய்யத் துணிந்தேன். விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்திருந்த மகள் மறுநாள் சின்னசேலத்தில் ரயிலேற வேண்டும். "நீ செஞ்சத ஒரு தபாவாவது துன்னுட்டுப் போறம்பா" என்றாள். ஆசையா, கேலியா, தெரியவில்லை.

காலையில் பாலைச் சுண்டக் காய்ச்சி, கல்வராயன் மலைத்தேன் கலந்து, டம்ளர்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். உறைகிறதா என்று பார்க்கக் கை துறுதுறுத்தது.

"தொறந்தா உறையாது. சாயங்காலம் வரைக்கும் கிட்டயே போவாதீங்க" என்றாள் மனைவி. பிறகு பூஜைக்காக ஃப்ரிட்ஜுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மாலையில் மகள் முன்னால் கம்பீரமாகத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. டம்ளர்களில் பால் தளும்பியது.

"இன்னா இது?" என்று அலறினேன்.

"நான்தான் சுவிட்ச ஆஃப் பண்ணேன். பொட்டு வச்ச சாமான இன்னிக்கு வேல வாங்கக்கூடாதுன்னு வருஷா வருஷம் நீங்கதான சொல்றீங்க?" என்றாள் மனைவி.

சொன்னேன்தான். தேங்காய் துருவுவதிலிருந்து தப்பிக்க, அரிவாள்மணைக்கு முதல் ஆளாகப் பொட்டு வைத்துவிட்டு நான் ஓதும் சாஸ்திரம் அது.

மகள் ஒரே மூச்சில் குடித்தாள். "நல்லாத்தாம்பா இருக்குது, பாயசம்."

மனைவி வேண்டுமென்றேதான் அணைத்தாளா? கேட்க வாயெடுத்தேன். அவள் காலி டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள்.

வாங்கி நானே கழுவினேன். அவள் நெற்றியிலும் குங்குமம் இருந்தது.