கடைசியாகப் பார்த்தவர்

நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம். காஜா பேராங்கில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினார். காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பிறகு கிடைக்கிற சவாரிக்குப் போவார்.

ஒரு வியாழக்கிழமை, ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரை உஜோங் பாசிர் கடற்கரையில் இறக்கிவிட்டார். அந்த ஆள் அங்கிருந்து மீன்பிடிப் படகில் எதிரே இருந்த தீவுக்குப் போனார். நாலு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். நாலு மணிக்குப் படகோட்டி மட்டும் திரும்பி வந்தார். தீவில் பாறை மேல் சட்டையும் சப்பாத்தும் கிடந்தன, ஆளைக் காணோம் என்றார். இவர் படகோட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே போலீசுக்குப் போனார்.

மூன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். படகோட்டி அதற்குள் வெளியூர் போய்விட்டதால் எல்லோரும் எங்கள் வாசலில் கூடினார்கள். இவர் அப்போது கார் கழுவிக்கொண்டிருந்தார். அதையே படம் பிடித்துப் போட்டு, 'கடைசியாகப் பார்த்தவர்' என்று கீழே எழுதிவிட்டார்கள். எதையோ கழுவி மறைக்கிற ஆள் மாதிரி இருந்தது படம்.

அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டு அம்மா வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளையோட அப்பா வேணாங்குறாரு. கேஸ் முடியட்டும்."

அந்த வாரத்துக்குள் மற்ற பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். பக்கத்து ஊரான செமாபோக்கில் இவர் அந்த ஆளுடைய கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டதாகப் பேச்சாம். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "நான்தானே போய் ரிப்போர்ட் பண்ணேன்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்துக் காணாமல் போனவரின் அக்கா இங்கிலாந்திலிருந்து வந்தார். தம்பி போன அதே காரில் அதே வழியில் போக வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்.

"நீயும் வா" என்றார் இவர். "நான் தனியாப் போனா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க."

நான் பின்சீட்டில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்களின் இரண்டு கார்கள் வந்தன. கடற்கரையில் இறங்கியதும் அவர் இவரிடம் ஏதோ கேட்டார். இவருக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்:

"அவரு என்ன பேசினாருன்னு கேக்குறாங்க. வழியில நாசி லெமாக் சோறு ரெண்டு பொட்டலம் வாங்கி, எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. கையாலேயே சாப்பிட்டாரு. சம்பல் காரத்துல கண்ணெல்லாம் தண்ணி. ஆனா மிச்சம் வைக்கல. அதைச் சொன்னேன்."

போலீசிடம் இதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

அந்த அம்மா முதலில் சிரித்தார். வீட்டில் தம்பி மிளகுத்தூள்கூடத் தொடமாட்டாராம். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். மொழி தெரியாமல் என்ன சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்திரிகைக்காரர்கள் அதையும் படம் எடுத்தார்கள்.

இந்தத் தடவை பத்திரிகையில் அவர் எங்கள் காரில் ஏறுகிற படம் வந்தது. கதவைத் திறந்து பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர். முந்தின படத்துக்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை எதிர்வீட்டுப் பிள்ளை புத்தகப்பையோடு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. இவரும் ஒன்றும் கேட்காமல் காரை எடுத்தார்.

அந்த ஆள் கிடைக்கவே இல்லை. குளிக்க இறங்கியவரை நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும் என்று போலீஸ் முடித்துக்கொண்டது. சுதந்திரப் பேச்சு சூடு பிடித்ததும் பத்திரிகைக்காரர்கள் அதன் பின்னால் போய்விட்டார்கள். அக்கா மட்டும் இன்னும் ஒரு வாரம் தங்கினார். தினமும் காலையில் இவர் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கரையில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்து வரும்வரை மரத்தடியில் காத்திருந்தார்.

பிறகு பல வருஷம், தீவுக்குப் போகிற சவாரி ஏறினால், நீந்தத் தெரியுமா என்று கேட்பார். தெரியும் என்று சொன்னவர்களிடம்தான் நீரோட்டத்தைப் பற்றி அதிக நேரம் பேசுவார்.