பட்டு மாடிக்குப் போன பாட்டில்

போன வாரம் உஸ்மான் ரோடு பிளாட்பாரத்தில் புதிதாக ஒரு கடை. கடை என்றால் ஒரு தார்ப்பாய், அதன்மேல் கலர் கலராகத் தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே கோடு கிழித்து மணி போட்டிருந்தது. ஒன்பது மணிக்கு இதுவரை குடி, பதினொன்றுக்கு இதுவரை குடி. "இன்னாக்கா, பாத்துக்கினே நிக்கிற? ஒண்ணு எடுத்துக்கோ. கிட்னில கல்லு வராது" என்றான் கடைக்காரன். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். இத்தனை வயதுக்குப் பிறகும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்து வயிறு எரிகிற ஜென்மம் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நன்றாகப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் வந்தேன். அதில் ஒரு அற்பத் திருப்தி.

அந்தப் பக்கம் நடந்தால் இப்போதும் ஏதாவது ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஏசி காற்றோடு புதுத் துணியின் கஞ்சி வாடை வந்து முகத்தில் மோதும். உங்களுக்கு அது தீபாவளியை ஞாபகப்படுத்தலாம். எனக்கு நாக்கு வறண்டுபோகும். அப்படி ஒரு கடையின் நைட்டி மாடியில் துணி விற்றபடி, அந்த வாடைக்குள் நின்றுகொண்டுதான் என் இளமையில் பாதியைக் கழித்தேன், தண்ணீர் குடிக்காமல்.

தண்ணீர் இல்லாமல் இல்லை. பாத்ரூம்தான் தூரம். மொட்டைமாடியில், தொட்டிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு மாடியிலும் அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு மரக்கட்டை ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒருத்தி எடுத்துப் போய்விட்டால் அவள் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கஸ்டமருக்கு நைட்டியைப் பிரித்துக் காட்ட வேண்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று பக்கத்து கவுன்ட்டர் அக்கா எனக்குத் துணி மடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லித் தந்தார். "காலைல ஒரு காபி. மத்தியானம் சோத்துக்கு ஒரு வாய் தண்ணி. அதுக்கு மேல குடிச்சா நீதான் அல்லாடணும்."

நான் அதிபுத்திசாலி. அந்த ஒரு வாயையும் பாதியாக்கினேன். ஒரு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கிய வலியில், நைட்டி மூட்டைகளுக்கு நடுவே விழுந்து உருண்டேன். துணி எடுக்க வந்த ஒரு அம்மாள், "புள்ளத்தாச்சிய நிக்கவெச்சு வேலை வாங்கறீங்களே, நல்லாருப்பீங்களா" என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. வலி இரண்டு நாளில் போய்விட்டது, அந்தப் பேச்சு மட்டும் கடையில் வெகு காலம் ஓடியது.

வலிக்குக் காரணம் கிட்னியில் கல். அது தானாகவே விழுந்தது. தான் கொடுத்த வாழைத்தண்டுச் சாறுதான் தள்ளியது என்று அம்மா கே.கே. நகர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் என்னைப் பார்த்த அடையாறு டாக்டரம்மா, அடுத்த கல் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்காது, ஆபரேஷன் வரை போகலாம் என்றார். ஆபரேஷன் என்று படுத்தவளைக் கடையில் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். ஆக, இன்னொரு கல் என்றால் என் வேலைக்குச் சங்குதான். "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார். டிபன் டப்பா மூடியைக் காட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சிறுநீரகக் கல் வராமல் தடுப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். அடுத்த வாரமே எங்கள் கடைக்கு வந்து நின்றார்.

எங்கள் முதலாளி தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. செலவில்லாத காரியம் என்றதும் ஒப்புக்கொண்டார். ஏற்பாடு இதுதான். ஒரு மாடிக்காரர்களுக்கு மணிக்கோடு போட்ட பாட்டில் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், கட்டையே இல்லாமல், பாத்ரூம் போகலாம். இன்னொரு மாடிக்கு 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று புத்திமதி மட்டும். ஒரு ஆடியிலிருந்து மறு ஆடிவரை இரண்டு மாடிக்காரர்களின் சிறுநீரையும் மாதாமாதம் அளப்பார்கள். முதலில் ஒரு ஸ்கேன், கடைசியில் ஒரு ஸ்கேன்.

"ரெண்டு மாடிக்கும் குடுத்துட்டா இன்னா மேடம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் யாரோட யாரை ஒப்பிட்டுப் பாக்கறது கலா?" என்றார்.

சீட்டுக் குலுக்கினார்கள். பாட்டில் பட்டு மாடிக்கு விழுந்தது, எங்கள் நைட்டி மாடிக்குப் புத்திமதி.

நீங்களே சொல்லுங்கள். உருண்டவள் நான். டாக்டரைக் கடைக்குள் கொண்டுவந்தது என் கல். பாட்டில் மட்டும் ஸ்டெல்லாவுக்கா?

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதுதான் பிரச்சினை. நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். சாந்தோம் பக்கத்துக்காரி. அப்பா மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பூசைக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வருவாள், தலையில் ஒரு முடிகூடக் கலைந்திருக்காது. பட்டு மாடியில் ஒரு இடம் காலியானபோது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அண்ணாச்சி அவளை அனுப்பினார். அங்கே வெள்ளை மெத்தை விரித்து உட்கார்ந்து வியாபாரம். நாங்கள் கீழே கொக்கு மாதிரி கால் மாற்றி நின்றுகொண்டிருப்போம். அவள் உட்கார்ந்தது, அவள் கட்டிய மெரூன் யூனிஃபார்ம் புடவை, 'அந்தப் பொண்ணையே கூப்பிடுங்க' என்று கஸ்டமர் கேட்பது, எல்லாமே எனக்கு உறுத்தியது. இப்போது பாட்டில் வேறு.

மாதாமாதச் சிறுநீர்க் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். லீவு நாள் காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலைவரை போவதையெல்லாம் ஒரு வெள்ளை கேனில் சேர்த்து அடையாறுக்குக் கொண்டுபோக வேண்டும். கேனை வெறுங்கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா? கடையின் பட்டுப்புடவைப் பையில் போட்டு எடுத்துப் போவேன். ஒருமுறை பக்கத்து சீட்டு அம்மாள் "முகூர்த்தப் பட்டா? கொஞ்சம் காட்டேன்" என்று பையைப் பிடித்து இழுத்தாள். சைதாப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன்.

பொறாமை என்னை என்ன செய்தது தெரியுமா? தண்ணீர் குடிக்க வைத்தது. அவர்கள் குடித்தால் நானும் குடிப்பேன் என்று ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து நைட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளித்தேன். ஒரு வாரத்தில் எங்கள் மாடியில் எல்லா அடுக்குக்குப் பின்னாலும் பாட்டில். மேலே இருக்கிறவளுகளுக்கு மட்டும் கிட்னியைத் தங்கத்திலா செய்திருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரே வீம்பு. ஒரு கட்டை போதவில்லை. துணித் தானுக்குள் வைக்கிற பலகையை அறுத்து, அதேபோல் இன்னொரு கட்டை செய்தோம். ஒருத்தி ஒன்றோடு மொட்டைமாடியில் இருக்கும்போதே இன்னொன்று ஆணியில் தொங்கும். சூப்பர்வைசர் ஆணியை மட்டும்தான் பார்ப்பார். குடிக்கக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லையே.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்டெல்லா வருவாள். அவள் பாட்டில் நிறைந்தபடியே இருக்கும். "நீ குடி கலா. எனக்குத் தாகமே எடுக்கல" என்று என் பக்கம் தள்ளுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிடைத்தவளுக்கு அருமை தெரிகிறதா பார், பிச்சை போடுகிற மாதிரி தள்ளுகிறாளே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மொத்தத்தையும் குடித்துத் தீர்ப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பாட்டிலைத்தான் பார்த்தேன்.

மறு ஆடியில் கடைசி ஸ்கேன். எனக்குச் சுத்தமாக இருந்தது. எங்கள் மாடியில் யாருக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. ஸ்டெல்லாவுக்கு இடது பக்கம் கல். தானாக விழுகிற அளவைத் தாண்டியிருந்தது.

டாக்டரம்மா சாப்பாட்டு ரூமில் வந்து உட்கார்ந்தார். "பாட்டில் குடுத்த மாடியைவிடக் குடுக்காத மாடியோட கேன்தான் மாசாமாசம் ரொம்பியிருக்கு. எங்க சறுக்கினேன்னே புரியல" என்றார்.

ஸ்டெல்லாதான் மெதுவாகச் சொன்னாள். "மேடம், கல்யாணப் பார்ட்டி வந்தா மூணு மணி நேரம் உக்காருவாங்க. நாப்பது புடவை பிரிச்சிருப்பேன். நடுவுல எந்திரிச்சா பக்கத்து மெத்தைக்காரி பேச்சுக் குடுத்து இழுத்துப்பா. அந்த வியாபாரம் அவ பேர்ல போயிடும். எப்படி எந்திரிப்பேன்? குடிச்சாத்தானே எந்திரிக்கணும்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "பாட்டில் குடுத்தேன். உன் இடத்துல உக்கார ஒரு ஆளைக் குடுக்கலியேம்மா" என்றார்.

விஷயம் அண்ணாச்சிக்குப் போனது. அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். "ஆராய்ச்சியிலயே பாட்டிலால பிரயோசனம் இல்லன்னு வந்துட்டுல்லா. பெறவு என்னத்துக்கு அது? எல்லாத்தையும் எடுத்துருங்க."

ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் ஆனது. கடை வழக்கப்படி அவள் இடம் போனது. அது எனக்குக் கிடைத்தது. எந்த இடத்துக்காக நான் அத்தனை காலம் வெந்தேனோ அதே மெத்தை, அதே ஓரம். சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் பொய். முதல் நாளே மெரூன் புடவையைக் கட்டிக்கொண்டு, மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையின் முந்தானையைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், கால்வரை பார்த்தாள்.

"உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக நான் போட்டுக்கொண்டு திரிந்த பார்வைதான் அது. எதிர்ப்பக்கம் நின்று அதை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

கடையை அண்ணாச்சியின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். கட்டடத்தை இடித்து, பக்கத்துக் கட்டடத்தோடு சேர்த்து எழுப்பி, இப்போது அங்கே ஏழு மாடி. டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. சாந்தோமில் ஸ்டெல்லா வீடு இருந்த சந்தில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. வாட்ச்மேனைக் கேட்டேன், அப்படி ஒரு குடும்பம் பெருங்குடிப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. நான் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், இன்னும் படுவேன். என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டது இந்த ஆயுளில் அந்த ஒரு மாலை மட்டும்தான். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.